கேட்டுக் கற்பதா, செதுக்கிப் பார்த்துக் கற்பதா? பொய்யிரை செய்யப் பழகுகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பொய்யிரை என்பது மீனை ஏமாற்றித் தூண்டிலில் மாட்டச் செய்யும் செயற்கை இரை. கொடுவா மீனுக்காக நான் மரக்கட்டையில் செதுக்கிய முதல் பொய்யிரை, தண்ணீரில் போட்டதும் மல்லாந்துகொண்டது. வயிற்றில் ஈயத்தைக் கூட்டினேன், மூழ்கிப்போனது. குறைத்தேன், மறுபடியும் மல்லாந்தது. பின்கட்டுச் சிமென்ட் தொட்டியருகே ஒரு வாரம் குந்தியிருந்தேன். தெரிந்தவரிடம் போய்க் கேட்டுவிடலாமா, இன்னொரு கட்டையை எடுத்துச் செதுக்கலாமா என்ற யோசனை அந்த வாரம் முழுவதும் ஓடியது.

கடைசியில் கேட்கப் போனேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் முப்பது ஆண்டுகளாக விரால் பிடிக்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மரத்தில் செதுக்கும் தவளை வடிவப் பொய்யிரைகளைத் தானே செய்துகொள்வார். என் கட்டையை வாங்கி வாளியில் ஒரு முறை மிதக்கவிட்டார். எடுத்து நகத்தால் வயிற்றைத் தட்டினார். “தம்பி, துளையை ஆழமாகப் போட்டுவிட்டாய். ஈயம் முதுகுப் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது” என்றார். வீட்டுக்கு வந்து கட்டையை நெடுக்கில் அறுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. அதே ஈயத்தை அடுத்த கட்டையில் வயிற்றின் தோலோடு ஒட்டினாற்போல் வைத்தேன், நிமிர்ந்து நின்றது. எடை அல்ல, எடை இருக்கிற உயரம்தான் கோளாறு. ஒரு வார உழைப்பு தராத விடையை ஒரு வாக்கியம் தந்துவிட்டது.

ஆகவே கேட்பதே மேல் என்று அப்போது முடிவு கட்டினேன். அந்த முடிவு பத்து நாள்கூட நிற்கவில்லை.

இப்படியும் அப்படியும் பெரிய ஆட்கள் கற்றிருக்கிறார்கள். கேட்க ஆளில்லாமல் தானே கண்டுபிடித்தவர் என்றால் பின்லாந்தின் லௌரி ரபாலாவைச் சொல்வார்கள். ஏரியில் மீன் பிடித்துப் பிழைத்தவர். கூட்டமாகப் போகும் சிறு மீன்களில், கொஞ்சம் நொண்டித் தள்ளாடிப் போகிற மீனைத்தான் பெரிய மீன்கள் தேர்ந்தெடுத்துப் பாய்கின்றன என்பதைப் படகிலிருந்து பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டார். 1936-இல் செருப்புத் தைக்கிற கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வரும் மினுமினுப்புத் தாளை மேலே ஒட்டினார். வார்னிஷ் வாங்க வசதியில்லை. புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். இன்று உலகமெங்கும் விற்கிற ரபாலா இரைகளின் தொடக்கம் அந்தத் தக்கைத் துண்டுதான்.

பலர் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “பார், அவர் யாரிடமும் கேட்கவில்லை” என்று முடித்துவிடுகிறார்கள். கத்தியை எடுக்கும் முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்திருந்ததை விட்டுவிடுகிறார்கள். கட்டை அழகாக இருக்க வேண்டும் என்றல்ல, அடிபட்ட மீனைப்போலத் தள்ளாட வேண்டும் என்று செதுக்கினார். ஒவ்வொரு கத்திக் கீறலையும் வைத்துச் சரிபார்க்க அவர் கண்ணில் ஓர் அளவுகோல் இருந்தது. என்னிடம் அந்த முதல் வாரத்தில் அது இல்லை. ஆகவே நான் தொட்டியருகே செய்ததைச் சோதனை என்று சொல்ல மாட்டேன், வெறும் தடுமாற்றம்.

கேட்டுக் கற்றவருக்கு உதாரணம் தியோடர் கார்டன். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் வாழ்ந்தவர். இறகும் நூலும் கட்டிப் பூச்சிபோலச் செய்யும் ஈத்தூண்டில்களில் அவருக்குப் பித்து. நீரின் மேல் மிதக்கும் வகையை இங்கிலாந்தில் பிரபலப்படுத்திய ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஹால்ஃபோர்டு 1890-இல் பதிலோடு தம் ஈத்தூண்டில் மாதிரிகளையும் உறையில் வைத்து அனுப்பினார். முன்பின் பார்த்திராத ஒருவருக்குக் கைத்தொழிலின் மாதிரிகளைக் கடல் கடந்து அனுப்பிய அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெகிழ்ச்சி வருகிறது.

ஆனால் ஹால்ஃபோர்டின் ஆறுகள் சுண்ணாம்புப் பாறை ஊற்றில் பிறந்து தெளிவாக, நிதானமாக ஓடுபவை. கேட்ஸ்கில் ஓடைகள் பாறையில் மோதிச் சுழித்து ஓடுபவை, பூச்சிகளும் வேறு. வந்த மாதிரிகளை அப்படியே கட்டிக்கொண்டிருந்தால் கார்டனின் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. தன் ஓடையின் பூச்சிகளைப் பார்த்து மாற்றிக் கட்டினார். ‘குவில் கார்டன்’ என்ற ஈத்தூண்டில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனக்கு நடந்ததும் சிறிய அளவில் இதுதான். அண்ணாச்சி, “விரல் நீளக் கட்டைக்கு மூன்று கிராம் ஈயம் போதும்” என்றார். போட்டேன். கட்டை தக்கையைப்போல முழுக்க வெளியே தெரிந்தபடி மிதந்தது. இழுத்தால் தெறித்துப் புரண்டது. அவர் சொன்னது பொய்யில்லை. அவர் செதுக்குவது மரக்கடைக் கழிவுத் தேக்கு. நான் செதுக்கியது காய்ந்த கல்யாண முருங்கை. கையில் இருப்பதே தெரியாத கனம். இலேசான மரம் அதே அளவு தண்ணீரில் அமிழக் கூடுதல் ஈயம் வேண்டும். அவர் நிற்கிற குளத்தில் நீர் அசையாது. நான் வீசுகிற இடம் புன்னைக்காயல் பக்கம், ஆறு கடலில் சேருகிற கழிமுகம். நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் இழுப்பு கடுமையாக இருக்கும். மரத்தையும் நீரையும் சொல்லாமல் எடையை மட்டும் கேட்டது என் பிழை.

எதைக் கேட்டே தீர வேண்டும்

உடம்புக்குக் கேடு வரக்கூடிய எதையும் செய்து பார்த்துக் கற்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. தண்ணீர் 100-லேயே ஆவியாகிவிடும். ஈயம் வார்க்கும் அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும், உருகிய ஈயம் அதன்மேல் விழுந்த கணத்தில் அந்தச் சொட்டு ஆவியாக வெடித்து ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். கண் போய்விடும். பார்வைக்குக் காய்ந்திருக்கும் அச்சுக்குள் ஈரம் ஒளிந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சமையல் பாத்திரத்தில் ஈயம் காய்ச்சுவது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஈயத்தை அரத்தால் ராவுவது, கை கழுவாமல் சோற்றில் கை வைப்பது எல்லாமே மெதுவாகக் கொல்லும் பழக்கங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் ஈயம் உருக்கவே வேண்டாம். வலைக்கடையில் கிடைக்கும் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் துளையில் அடைத்தால் போதும். மென்மையான பிளாஸ்டிக் புழு வார்க்க ஆசைப்படுகிறவருக்கும் இதே எச்சரிக்கை: அந்தக் கூழ் கருகினால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. முதல் முறை தெரிந்தவர் பக்கத்தில் நிற்கட்டும்.

இன்னொரு வகையும் உண்டு. தவறு செய்த அன்று எதுவும் தெரியாது. ஒரு பருவம் கழித்துத்தான் தெரியும். பிசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து பூசுகிற எபாக்சிப் பூச்சு அப்படிப்பட்டது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். இறுகுவதற்குப் பதிலாக ஆறு இரைகளும் வெல்லப்பாகுபோலப் பிசுபிசுத்தே நின்றன. ஒரு மாதம் வெயிலில் தொங்கவிட்டும் மாறவில்லை. சொன்ன விகிதம் பிசகினால் அது ஒருநாளும் சரியாக இறுகாது. வர்ணத்துக்கு முன் நீர் புகாதபடி மரத்தின் நுண்துளைகளை அடைக்காமல் விடுவது இதைவிட மோசம். கொக்கி மாட்டிய துளை வழியே நீர் நுழையும், மரம் ஊதும், மேலே பூச்சு மயிரிழையாக வெடிக்கும். அதற்குள் அதே மாதிரி பத்து இரைகள் செய்து முடித்திருப்போம். இவற்றையெல்லாம் முன்னால் போனவர்கள் பணத்தைக் கொட்டிக் கற்றுவைத்திருக்கிறார்கள். கேட்டுக்கொள்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

எதைக் கேட்டுப் பயனில்லை

ஆட்டம். இரை நீரில் எப்படி அசைகிறது என்பதை யாரும் வாயால் கற்றுத்தர முடியாது. அண்ணாச்சியிடம் இதைக் கேட்டபோது, “கையில் தெரியும், தம்பி” என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒரே கட்டையில் ஒரே அளவாக மூன்று உடல்கள் அறுத்தேன். பழைய சிடி தட்டைக் கத்தரித்து, இரையின் முகத்தில் பொருத்தும் முகத்தகடு செய்தேன். அது பாலிகார்பனேட், 1.2 மில்லிமீட்டர் கனம். மேலிருக்கும் வெள்ளிப் பூச்சைச் சுரண்டிவிட்டால் கண்ணாடிபோல இருக்கும். மூன்று இரைகளிலும் எல்லாம் ஒன்று, தகட்டின் சாய்வு மட்டும் வேறு. தகடு உடலின் நேர்கோட்டை ஒட்டி முன்னால் நீண்டிருந்தது ஆழமாக இறங்கியது. செங்குத்தாகக் கீழ்நோக்கி நின்றது மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடியது. இடைப்பட்டது இடைப்பட்டே போனது. புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கிற செய்திதான். ஆனால் தூண்டில் ராடின் நுனி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக அதிர்ந்ததை நான் மறக்கப்போவதில்லை. ஆழம் போவது கனமாகக் குத்துகிறது; மேலே ஆடுவது வண்டின் இறகைப் பிடித்ததுபோலப் படபடக்கிறது. அண்ணாச்சியின் “கையில் தெரியும்” அப்போதுதான் புரிந்தது.

இரையில் தூண்டில் நரம்பு கட்டுகிற வளையமும் அப்படியே. இரை இடப்பக்கம் ஒதுங்கினால் வளையத்தைக் குறட்டால் வலப்பக்கம் வளைக்க வேண்டும் என்று யாரும் சொல்லிவிடலாம். எவ்வளவு என்று சொல்ல முடியாது. நான் முதலில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வளைத்தேன். இரை மறுபக்கம் பாய்ந்து சுழன்றது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் வேண்டியிருந்தது.

செய்து பார்ப்பதற்கும் ஒரு நோய் உண்டு. ஒரு மாலையில் ஒரு மீன் கடித்தால் அந்த நிறமே நிறம், அந்த வடிவமே வடிவம் என்று மனம் கட்டிக்கொள்கிறது. சிவப்புத் தலை போட்ட இரையில் எனக்கு ஒரு கொடுவா மாட்டியது. அடுத்து எட்டு இரைகளுக்குச் சிவப்புத் தலை அடித்தேன், ஒன்றும் மாட்டவில்லை. அன்று நீர் ஏறுகிற நேரம் என்பதைக் குறித்துவைக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியும் நீரோட்டமும் எழுதிவைக்காதவர் நூறு இரைகள் செய்தாலும் ஒன்றையே நூறு முறை செய்தவர்தான். கேட்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு. முப்பது ஆண்டு மாலைகளைப் பார்த்தவர் ஒரு மீனைக் கண்டு ஏமாற மாட்டார்.

எப்போது கேட்பது

என் தீர்ப்பு இது: ஈயம், புகை, பூச்சு மூன்றையும் கத்தி எடுக்கும் முன்பே கேளுங்கள். மற்றவற்றை ஒரு கட்டையாவது செதுக்கிக் கெடுத்த பிறகு கேளுங்கள். வெறுங்கையோடு போய் “எப்படிச் செய்வது?” என்று கேட்டால், சொல்கிறவர் எங்கிருந்து தொடங்குவார்? கெட்டுப்போன இரையைக் கொண்டுபோய், இந்த மரம், இவ்வளவு ஈயம், இந்த இடத்தில் துளை, இழுத்தால் இடப்பக்கம் சாய்கிறது என்று நீட்டினால், அவர் கை தானாகவே அதை வாங்கிக்கொள்ளும். அண்ணாச்சி அன்று நகத்தால் தட்டியது நான் கொண்டுபோன கட்டையைத்தான். அது இல்லாமல் போயிருந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

எல்லாரும் சொல்லித்தர மாட்டார்கள் என்பதும் உண்மை. இரையை விற்றுப் பிழைக்கிறவர் தம் அச்சையும் அளவையும் மறைத்தால் அதில் தவறில்லை. அவரிடம் ஒன்றை விலை கொடுத்து வாங்கி, வீட்டுத் தொட்டியில் இழுத்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் மரியாதை.

போன மாதம் அண்ணாச்சி என் சிடி தகடு வைத்த இரை ஒன்றைத் தம் குளத்துக்கு வாங்கிப் போனார். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். கொக்கிகளில் பாசி காய்ந்து ஒட்டியிருந்தது. “இது கீழே போய்ப் போய்க் கொடியைத்தான் பிடிக்கிறது. தகட்டைச் செங்குத்தாக வைத்து, ஈயத்தையும் குறைத்தால் மேலேயே வருமா?” என்று கேட்டார். தேக்கில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது, அண்ணாச்சி என்றேன். அவர் பையிலிருந்து ஒரு தேக்குத் துண்டை எடுத்தார். வாளால் இரண்டாக அறுத்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.