தேய்ந்த சாணச் சங்கிலி: ஒட்டுப் போடுவதா, முழுதாக மாற்றுவதா?

விஸ்கான்சின், வெர்மான்ட் போன்ற அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் கியூபெக்கிலும் மாடுகளை இரு வரிசையாகக் கட்டிக் கறக்கும் பழைய பாணிக் கொட்டகைகள் இன்றும் இயங்குகின்றன. அவற்றில் மாடுகளுக்குப் பின்னால் ஓடும் சாண வாய்க்காலைத் துப்புரவு செய்வது பார்ன் கிளீனர் என்னும் இயந்திரம். வாய்க்கால் முழுவதையும் சுற்றிவரும் ஒரே சங்கிலி, அதில் இடைவெளி விட்டுப் பொருத்திய இரும்புத் துடுப்புகள், எரு வண்டிக்கு மேலே சாய்வாக ஏறும் பாதை, அதன் உச்சியில் மோட்டார், கியர்பாக்ஸ், பற்சக்கரம் என அமைப்பு எளிமையானது. 1948இல் விஸ்கான்சினின் பவுண்ட் என்ற சிற்றூரில் தொடங்கிய பாட்ஸ் நிறுவனம் இந்த இயந்திரத்தால்தான் பெயர் பெற்றது. எளிமையான அமைப்பு என்றாலும், சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் கொட்டகை முழுவதும் நின்றுவிடும். மாடுகள் சாணமிடுவதோ நிற்பதில்லை. ஆகவே எந்த வழியைத் தேர்வது என்பதை, அறுந்த நாளில் அல்லாமல், கோடையில் மாடுகள் மேய்ச்சலில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

முடிவுக்கு முன் தேய்மானத்தை அளக்க வேண்டும். வரிசைக்கு 25 மாடுகள், ஒரு மாட்டுக்கு 4 அடி என்று கொண்டால் ஒரு பக்கம் 100 அடி; இரு பக்கங்களையும், குறுக்கு வாய்க்கால்களையும், சாய்பாதையில் ஏறி இறங்கும் நீளத்தையும் சேர்த்தால் சங்கிலி ஏறத்தாழ 300 அடி வரும். கண்ணி ஒன்று 5 அங்குலம் என்றால் 720 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியும் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே தேய்ந்தாலும் மொத்தச் சங்கிலி 72 சென்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடிக்கு மேல் நீண்டிருக்கும். ஒரு கண்ணியைக் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு இது தெரியாது. பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்து, புதிய சங்கிலியின் பத்துக் கண்ணி நீளத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். இன்னொரு அடையாளம் துடுப்பில் இருக்கிறது. துடுப்பு ஒரு முனையில் மட்டுமே சங்கிலியோடு பிணைந்திருப்பதால், இணைப்பு தளர்ந்ததும் சுமையின் கீழ் அதன் மறுமுனை பின்னோக்கிச் சாயும். வாய்க்காலின் ஓரத்தில் வழிக்கப்படாத சாணம் கோடாகத் தங்கிவிடும்.

முதல் வழி, அறுந்த இடத்தில் புதுக் கண்ணிகளைச் சேர்த்து ஓட்டுவது. வைக்கோல் கவையோ கல்லோ சிக்கியதால் ஒரு கண்ணி மட்டும் முறிந்து, மற்றவை உறுதியாக இருந்தால் இதுவே சரியான வழி. ஆனால் சங்கிலி முழுவதும் தேய்ந்து அதனால் அறுந்திருந்தால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீண்டுபோன கண்ணிகளுக்கு நடுவே நிற்கும் புதுக் கண்ணி பற்சக்கரத்தில் அவற்றோடு ஒத்து உட்காராது. சுற்றுக்குச் சுற்று அந்த இடத்தில் ஓர் அதிர்ச்சி விழும். அடுத்து அறுவது அதற்குப் பக்கத்துக் கண்ணியாகவே இருக்கும். இன்னும் ஓராண்டில் மாடுகளை விற்றுவிட்டு ஓய்வுபெறப் போகிறவருக்கு மட்டுமே இது சிக்கனம்.

இரண்டாவது, மூடப்பட்ட பண்ணையிலிருந்து பழைய சங்கிலி வாங்குவது. மலிவாகக் கிடைக்கும். ஆனால் கண்ணியின் நீளம், துடுப்பின் நீளம் ஆகியவற்றோடு ஓடும் திசையும் பொருந்த வேண்டும். வலச்சுற்றுக் கொட்டகையின் துடுப்புகள் இடச்சுற்றுக் கொட்டகைக்கு அப்படியே உதவா. கழற்றிக் குவித்து மழையில் போட்ட சங்கிலியை வாங்கவே கூடாது. சாணத்தில் ஊறிய இரும்பு காற்றும் ஈரமும் பட்டவுடன் விரைந்து துருவேறும்.

மூன்றாவது வழியான புதுச் சங்கிலியில்தான் உண்மையான போட்டி இருக்கிறது: கொக்கிச் சங்கிலியா, கண்ணிகளைப் பின் (pin) என்னும் குறுக்காணியால் இணைக்கும் பின் சங்கிலியா? கொக்கிச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஒரே துண்டாக அடித்து உருவாக்கப்பட்டது. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வளையம். சங்கிலியைத் தளர்த்தி, கண்ணியைத் திருப்பிப் பிடித்தால் கருவியே இல்லாமல் கழற்றலாம், மாட்டலாம். பனிக்கால விடியலில் விறைத்த விரல்களோடு பழுது பார்க்கிறவருக்கு இது சிறிய நன்மையல்ல. வாய்க்காலின் மூலைகளில் பக்கவாட்டிலும் சாய்பாதையின் அடியில் மேல்நோக்கியும் அது எளிதாக வளையும். குறை என்னவென்றால், கொக்கியும் வளையமும் தொடும் பரப்பு சிறியது. தேய்மானம் அங்கேயே குவியும். தொய்வு மிகுந்தால் கொக்கி தானே கழன்றுவிடவும் கூடும். பின் சங்கிலியில் இழுவிசை பின்னின் முழு அகலத்திலும் பரவுவதால் இணைப்பு மெதுவாகத் தேயும், தானே கழலாது. ஆனால் பின் துருவேறி இறுகிக்கொண்டால் அந்த இணைப்பு வளையாமல் மூலைச் சக்கரத்தில் முட்டும். அதைக் கழற்றச் சுத்தியலும் துளையாணியும், சில நேரம் இரும்பை வெட்டும் வாயுச் சுடரும் வேண்டும். நாள் தவறாமல் ஓடுகிற, ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்கிற சிறு கொட்டகைக்கு என் தேர்வு கொக்கிச் சங்கிலிதான். கோடையில் மாதக்கணக்கில் நின்றுவிடும் கொட்டகைக்கு அது இன்னும் உறுதியாகப் பொருந்தும், ஏனெனில் பின்கள் இறுகுவது பெரும்பாலும் அந்த ஓய்வுக் காலத்தில்தான்.

எதை வாங்கினாலும் பற்சக்கரத்தைப் பார்க்காமல் மாட்டக் கூடாது. பழைய சங்கிலியோடு தேய்ந்து கூர்மையான பற்களில் புதுச் சங்கிலியை ஓட்டினால் அது தன் ஆயுளைத் தொடக்கத்திலேயே இழக்கும். மூலைச் சக்கரங்களில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இந்தச் செலவைச் சேர்க்காமல் விலையை ஒப்பிடுவது பயனற்றது.

மாட்டும் வேலையை இயந்திரமே பாதி செய்துவிடும். பற்சக்கரத்தைத் தாண்டியதும் வரும் தொய்வான இடத்தில் பழைய சங்கிலியைப் பிரித்து, வாய்க்காலுக்குள் திரும்பும் அதன் முனையில் புதியதைக் கோக்க வேண்டும். பிறகு மோட்டாரைச் சிறிது சிறிதாக ஓட்டினால், பழையது மேலே வெளியேற வெளியேறப் புதியது வாய்க்காலைச் சுற்றி நுழையும். ஒருவர் சுவிட்சை விட்டு நகரவே கூடாது; கை வைக்கும் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டியிருக்க வேண்டும்.

பராமரிப்பில் பெரிய வேறுபாடில்லை. இரண்டு வகைக்கும் மாடுகளின் அடியில் விரிக்கும் மணல் படுக்கை எமன். மரத்தூளோ வைக்கோலோ இட்ட கொட்டகையில் சங்கிலி நீண்ட நாள் உழைக்கும். காய்ந்த வாய்க்காலில் வெறுமனே ஓட்டக் கூடாது, ஏனெனில் சாணத்தின் ஈரமே அதற்கு மசகு. கடுங்குளிரில் சாய்பாதையில் துடுப்புகள் உறைந்து ஒட்டியிருக்கும். அவற்றைத் தட்டி விடுவித்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். புதுச் சங்கிலி முதல் சில வாரங்களில் படிந்து சற்றே நீளும் என்பதால் அக்காலத்தில் இறுக்கத்தை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கினால் கியர்பாக்ஸின் தாங்கிகள் கெடும்; பற்சக்கரத்தை விட்டு இறங்கும் இடத்தில் சங்கிலி குவியாமல் ஓடும் அளவுக்கு இறுக்கினால் போதும். இறுக்கும் திருகு அதன் எல்லையை எட்டியதும் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு, தேதியைச் சுவரில் எழுதி வைக்கலாம். அப்படி எழுதிய தேதிகளின் இடைவெளி குறையத் தொடங்கும்போது அடுத்த சங்கிலிக்குப் பணம் ஒதுக்கத் தொடங்க வேண்டும்.