மொங்க் புரூட்டா, பனங்கட்டியா: மாமியின் தேத்தண்ணீர்க் கோப்பையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

கனடாவிலிருந்து வந்திருந்த மைத்துனர், புதுக்குடியிருப்பில் இருக்கும் மாமிக்கு மொங்க் புரூட் என்று எழுதிய ஒரு வெள்ளைத் தூள் பொதியைக் கொண்டுவந்து கொடுத்தார். சீனிக்குப் பதிலாக இதைப் போட்டுக் குடித்தால் சலரோகம் ஏறாது என்பது அவருடைய உறுதி. அதே குசினியில், அடுப்புக்கு மேலே, ஓலைக் குட்டான்களில் பனங்கட்டி தொங்கிக்கொண்டிருந்தது. "இதுவும் இயற்கையான சாமான்தானே தம்பி, இதுக்கென்ன குறை?" என்று மாமி என்னைக் கேட்டார். இரண்டையும் இயற்கை என்றே விற்கிறார்கள் என்றாலும், வயிற்றுக்குள் போனபின் அவை நடந்துகொள்ளும் விதத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை.

துறவிப்பழம் என்றும் சொல்லப்படும் மொங்க் புரூட், தென்சீனத்தின் குவாங்சி மலைப்பகுதிக்குரிய ஒரு கொடியில் காய்ப்பது. நம்முடைய பாகலும் புடோலும் சேர்ந்த அதே தாவரக் குடும்பம். கசப்புக்குப் பேர்போன வீட்டில் இப்படியும் ஒரு பிள்ளை. பறித்தபின் விரைவில் கெட்டுவிடும் என்பதால் சீனர்கள் அதைக் காயவைத்து, இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் அவித்துக் குடித்துவந்தார்கள். பழத்தில் சீனியும் உண்டு. ஆனால் அதன் பெரும் இனிப்பு மொக்ரோசைட்டு எனப்படும் சேர்மங்களிலிருந்து வருகிறது. பிரித்தெடுத்த சாறு சீனியைவிட ஏறத்தாழ 100 முதல் 250 மடங்கு இனிக்கும். இச்சேர்மங்கள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடல்வரை சென்று அங்குள்ள பற்றீரியாக்களால் உடைக்கப்படுவதால், இரத்தக் குளுக்கோசை உயர்த்துவதில்லை. கலோரியும் இல்லையென்றே சொல்லலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இல் இதன் பாவனைக்கு ஆட்சேபம் இல்லையென்றது. ஆனால், ஆண்டுக்கணக்காக இதை உண்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வுகள் அரிது.

சிக்கல் பழத்தில் இல்லை, பொதியில் இருக்கிறது. மாமியின் பொதியைத் திருப்பிப் பார்த்தபோது, சேர்மானங்களில் முதலில் நின்ற பெயர் எரித்ரிட்டோல் என்னும் வேறொரு இனிப்பூட்டி. மொங்க் புரூட் சாறு கடைசியில் நின்றது. சேர்மானங்கள் நிறையின் இறங்குவரிசையில் எழுதப்படுவதால், கரண்டியில் அள்ளுவதில் மிகப் பெரும்பகுதி எரித்ரிட்டோல்தான் என்பது விளங்கும். சாறு அளவுக்கு மிஞ்சி இனிப்பதால், சீனியைப் போலக் கரண்டியால் அளக்க ஏதாவது ஒன்றைக் கலந்தே ஆகவேண்டும். எரித்ரிட்டோலும் குளுக்கோசை ஏற்றாது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடியிருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக நேர்ந்ததென்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். நம் உடலும் எரித்ரிட்டோலைச் சிறிதளவு உண்டாக்குவதால், உண்டதுதான் காரணம் என்று அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் சலரோகத்தோடு இருதய வருத்தமும் உள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கோப்பை இந்தத் தூளைப் போட்டுக் கொடுக்க எனக்கு மனம் வராது. வாங்குவதென்றால், எரித்ரிட்டோல் கலக்காத துளிகளாக வாங்குவதே மேல்.

இனிப் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைப் பதம் வரும்வரை காய்ச்சிக் குட்டானில் ஊற்றி இறுகவிடுகிறார்கள். சீனி கிடைக்காத போர்க்காலத்தில் வெறுந்தேத்தண்ணீரை வன்னி இதைக் கடித்துத்தான் குடித்தது. அந்த நன்றியினாலோ என்னவோ, பனங்கட்டி சலரோகக்காரருக்கு மருந்து என்றே பலர் நம்புகிறார்கள். அது மருந்தில்லை. தாதுப்புகள் சீனியைவிடச் சற்றுக் கூட உண்டென்றாலும், அதன் பெரும்பகுதி சுக்குரோசு, அதாவது சீனி எதனால் ஆனதோ அதுவே. கடித்துக் குடிப்பதில் ஒரு நன்மை உண்டு: பாக்களவு துண்டு ஒன்று முழுக் கோப்பைக்கும் போதும், ஆனால் கரைத்துக் குடிப்பவர் இரண்டு கரண்டி சீனிக்குக் குறைந்து நிறுத்துவதில்லை. இந்தச் சிக்கனம் பனங்கட்டியின் குணமல்ல, பழக்கத்தின் குணம்.

காட்டுத்தேனையும் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்வார்கள். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சீனிச்சத்தே. உலக சுகாதார நிறுவனமும் அதைக் குறைக்கவேண்டிய சீனிகளோடுதான் எண்ணுகிறது. சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியா மொங்க் புரூட்டுக்கு நெருங்கிய போட்டி; ஆனால் நாவில் மிஞ்சும் கசப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. தொதலுக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் இவை இரண்டும் உதவா. பாகும் நிறமும் சீனி தருவன, வெறும் இனிப்புத் தருவன அல்ல.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது, 2017இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு. ஆரோக்கியமான 30 ஆண்களுக்கு ஒருநாள் சீனி கலந்த பானமும், வேறு நாட்களில் மொங்க் புரூட், ஸ்டீவியா, செயற்கை இனிப்பூட்டியான அஸ்பார்ட்டேம் ஆகியவை தனித்தனியே கலந்த பானங்களும் கொடுத்துப் பார்த்தார்கள். சீனியைத் தவிர்த்து மிச்சம்பிடித்த கலோரியை அவர்கள் அடுத்த சாப்பாட்டிலேயே உண்டு ஈடுகட்டிவிட்டார்கள். வன்னியில் இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. சீனியில்லாத் தேத்தண்ணீர் குடித்தேன் என்ற நிம்மதியில் மத்தியானம் இன்னொரு அகப்பை சோறு சாப்பாட்டுக் கோப்பையில் விழும். உடல் எடையைக் கட்டுப்படுத்தச் சீனியற்ற இனிப்பூட்டிகளை நம்பவேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. ஏற்கெனவே சலரோகம் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் அது சேர்க்கவில்லை.

மாமிக்கு ஆதலால் நான் சொன்னது இவ்வளவுதான்: இனிப்பில்லாமல் தேத்தண்ணீர் இறங்காதென்றால் மொங்க் புரூட் துளி ஒன்றிரண்டு விடலாம், பனங்கட்டி விசேஷ நாட்களுக்கு இருக்கட்டும், சோற்றைத்தான் முதலில் அளக்கவேண்டும். ஆனால் அவர் இன்சுலின் போடுபவர். சீனி இறங்கி நடுக்கமும் வியர்வையும் வந்தால் இந்தத் துளிகளில் எத்தனை விட்டுக் குடித்தாலும் இரத்தத்தில் ஒன்றும் ஏறாது. அப்போது மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைக் கரைத்து உடனே குடிக்கவேண்டும். அதனால் சீனிப்போத்தலை வீட்டைவிட்டு அகற்றவேண்டாமென்றேன். மாமி அதை மைத்துனரின் பொதிக்குப் பக்கத்திலேயே வைத்து, பேரப்பிள்ளைகள் மாறி எடுத்துவிடாதபடி மூடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டார்.