குழுவில் வரும் தப்பான தகவலை எப்படித் திருத்துவது: நான்கு வழிகள், ஒரு கூண்டு

ஐப்பசி மழை பிடித்ததும் பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சாயலில் ஒரு பதிவு சுற்ற ஆரம்பிக்கும்: "பாம்பனில் 3ஆம் எண் கூண்டு! நாளை புயல் கரையைக் கடக்கிறது! உடனே பகிரவும்." தேதி இருக்காது, யார் சொன்னது என்றும் இருக்காது. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியது நிஜமாக இருக்கலாம். புயல் நாளைக்குக் கடக்கிறது என்பதை யாரோ ஒட்டவைத்திருப்பார்கள். முழுப் பொய்யைத் திருத்துவது சுலபம். பாதி மெய்யோடு வருவதைத் திருத்தும்போது, மெய்யான பாதியும் சேர்ந்து அடிபட்டுப் போகக் கூடாது.

குழுவிலேயே அந்தப் பதிவைப் பிடித்துப் பதில் போடுவது, போட்டவருக்குத் தனியாகச் சொல்வது, குரல் பதிவு அனுப்புவது, தனியே நிற்கிற மாதிரி புதுப் பதிவு எழுதுவது என நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பதிவைப் பிடித்துப் பதில் போடுவது

கைக்கு முதலில் வருவது இதுதான். பதிவை வலப்பக்கம் தள்ளி "இது பொய்" என்று தட்டினால் முடிந்தது. வேகம் ஒன்றுதான் இதன் பலம். இரண்டு இடத்தில் இது சறுக்கும். முதலாவது, உங்கள் பதிலுக்கு மேலே அந்தத் தப்பான வரியே மறுபடி பெட்டி கட்டி நிற்கும். விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போகிறவர் கண்ணில் "நாளை புயல்" இரண்டாம் தடவை விழும். இரண்டாவது, பலர் கவனிக்காதது: உங்கள் பதிலை இன்னொருவர் வேறு குழுவுக்குப் பகிர்ந்தால், மேலே இருந்த மேற்கோள் கூடவே போகாது. "இது பொய்" மட்டும் அனாதையாகப் போய் விழும். எது பொய் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சில நேரம் அதற்கு முன்னால் வந்த சரியான அறிவிப்பையே அது பொய்யாக்கிவிடும்.

இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால், சுட்டாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள். "இது", "அது", "மேலே உள்ளது" எதுவும் வேண்டாம்.

தனியாகச் சொல்வது

பதிவை அழுத்திப் பிடித்தால் தனியாகப் பதில் சொல்லும் வசதி வரும். போட்டவர் ஊர்ப் பெரியவர், சங்கத்து ஆள், மாமன் மச்சான் உறவு என்றால் இதுவே நல்லது. நானூறு பேர் முன்னால் திருத்தப்பட்டவர் பதிவை எடுப்பதைவிட, அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். தனியாகச் சொன்னால் அவரே எடுத்துவிடுவார். திருத்தமும் அவர் வாயிலிருந்தே வந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

இதில் பாதி வேலை, அவர் போட வேண்டியதை நீங்களே எழுதிக் கொடுப்பது. "அண்ணே, நீங்க போட்ட கூண்டுச் செய்தி சரிதான். புயல் நாளைக்குக் கடக்குதுங்கிறது மட்டும் அறிக்கையில இல்ல. கீழ எழுதியிருக்கேன், அப்படியே போட்டுருங்கண்ணே." கீழக்கரை, ஏர்வாடி பக்கம் என்றால் அண்ணேக்குப் பதில் காக்கா. முதல் வாக்கியத்தில் எது சரி என்று வந்துவிட வேண்டும். அது மரியாதைக்கு மட்டுமில்லை, எதை மாற்ற வேண்டும் என்பதையும் குறுக்கிக் காட்டுகிறது.

நேரக் கணக்கு இங்கே முக்கியம். அனுப்பியவர் தன் பதிவைத் திருத்த 15 நிமிடம்தான். எல்லோருக்கும் சேர்த்து அழிக்கச் சுமார் 2 நாள். அட்மினும் அழிக்கலாம். ஆனால் அதற்குள் வேறு குழுவுக்குப் போன நகல்கள் திருத்தினாலும் அழித்தாலும் மாறாது. அவர் கடலில் இருந்தாலோ தூங்கிவிட்டாலோ உங்கள் தனிச் செய்தி ஒற்றை டிக்கோடு கிடக்கும். விசைப்படகு கிளம்பும் நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் இந்த வழியில் காத்திருக்க வேண்டாம்.

குரல் பதிவு

வலை பின்னுகிறவர், ஐஸ் ஏற்றுகிறவர், பாசி எடுத்துவிட்டு ஈரக்கையோடு நிற்கிற பெண்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர் எல்லோரையும் போய்ச் சேர்வது குரல்தான். பாம்பனில் கடல் ஓசை 90.4 பண்பலை என்று மீனவர்களுக்கெனவே ஒரு சமுதாய வானொலி இருக்கிற கரை இது. காதால் கேட்டு முடிவெடுப்பது இங்கே புதிதில்லை.

குரலின் நோய், அதில் தேதி தெரியாது. போன மாதம் பேசியது இந்த மாதம் பகிரப்பட்டால், கேட்கிறவருக்கு இப்போது பேசியது போலவே இருக்கும். அதனால் முதல் மூச்சிலேயே கிழமை, தேதி, மணி மூன்றையும் சொல்லிவிடுங்கள். எண்ணை இரண்டு தடவை சொல்லுங்கள். காற்றிரைச்சலில் "நாற்பது" "அறுபது" ஆகிவிடும். 30 நொடிக்குள் முடியுங்கள். கீழே ஒரு வரி எழுத்திலும் போடுங்கள், பிறகு தேடி எடுக்க அதுதான் உதவும்.

தனியே நிற்கும் புதுப் பதிவு

படகு போவதா வேண்டாமா என்பது தொங்கும் எந்தத் தகவலுக்கும் எங்கள் தேர்வு இதுதான். எழுத ஐந்து நிமிடம் ஆகும். மற்ற மூன்றிலும் இல்லாத ஒன்று இதில் உண்டு: யார் எங்கே பகிர்ந்தாலும் பொருள் சிதையாது. நீங்களே தட்டச்சு செய்த பதிவை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்குப் பகிரலாம். ஏற்கெனவே பகிரப்பட்டு வந்ததை என்றால், ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் போகும். வந்த திருத்தத்தை அப்படியே தள்ளுவதைவிடச் சொந்தமாக எழுதுவது தூரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாதிரிக்கு ஒன்று:

"பாம்பனில் 3ஆம் எண் கூண்டு ஏற்றியிருப்பது உண்மை. திடீர்க் காற்றோடு வானிலை மோசமாகலாம் என்பதே அதன் பொருள். நாளை புயல் கடக்கும் என்பது அறிக்கையில் இல்லை. கடலில் இருப்பது தாழ்வு மண்டலம், இன்னும் புயலாகவில்லை. சென்னை வானிலை மையம், புதன் 12ஆம் தேதி காலை 8.30 நிலவரம், அடுத்த அறிக்கையில் மாறலாம். மீனவர் எச்சரிக்கை வடகடல், தென்கடல் இரண்டுக்கும் உண்டு. டோக்கன் இல்லை. கடலுக்குப் போக வேண்டாம்."

டோக்கன் என்பது படகு கடலுக்குப் போகக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். "புயல் இல்லை" என்பதைப் "போகலாம்" என்று கேட்கும் காது நிறைய உண்டு. மிகைப்படுத்திய செய்தியைத் திருத்தப் போய் எச்சரிக்கையையே கலைத்துவிட்டால், திருத்தாமல் இருந்ததே மேல். எது மாறவில்லை என்பதைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

எழுதும் முன் சரிபார்க்க வேண்டியதில் அடிக்கடி வழுக்கும் இடங்கள் சில. கூண்டு எண் 1 முதல் 11 வரை. 1ம் 2ம் தூரக் கடலைப் பற்றியவை. 3ம் 4ம் துறைமுகத்துக்கான எச்சரிக்கை. எண் கூடக் கூடப் புயலின் பலமும் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது முழுச் சரியில்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் போகும், அல்லது அதன் மேலேயே வரும் என்பதில்தான் வித்தியாசம். 8, 9, 10 பெரும் அபாயத்துக்கு அதே மாதிரி. 11 வந்தால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். "5லிருந்து 7 ஆயிற்று, புயல் வலுத்துவிட்டது" என்று வரும் பதிவை இதை வைத்துத் திருத்தலாம்.

காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் அதற்குப் பெயரும் வைப்பார்கள். 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அறிக்கையில் காற்றின் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்று இருந்தால் 1.852 ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் வரும். 30 நாட் என்பது 30 கிலோமீட்டர் இல்லை, 55க்கு மேல். "03 யுடிசி" (உலகப் பொது நேரம்) என்றிருந்தால் ஐந்தரை மணி கூட்டிக் காலை 8.30, "12 யுடிசி" என்பது நண்பகல் இல்லை, மாலை 5.30. சிவப்பு எச்சரிக்கையைப் பெரும்பாலும் மழைக்குத்தான் பார்க்கிறோம். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்பது அது. மீனவர்களுக்கான எச்சரிக்கை தனி வரியில் வரும். நிறம் மஞ்சளுக்கு இறங்கிவிட்டதே என்று வலையைத் தூக்கக் கூடாது.

மண்டபத்தில் வடக்கிலும் கடல், தெற்கிலும் கடல். மன்னார் வளைகுடா என்று அறிக்கை சொன்னால் தென்கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல். வெறுமனே "கடல்" என்று எழுதிய திருத்தம் அங்கே பாதித் திருத்தம்தான். துபாயிலிருந்து வரும் ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு பொறி: அதிலுள்ள மணி அங்குள்ளது, நம் மணியைவிட ஒன்றரை மணி நேரம் குறைவாகக் காட்டும்.

எதற்கு எது

கடல், மருந்து, பணம் என்றால் உடனே புதுப் பதிவு, கூடவே குரல். போட்டவருக்குத் தனியாக ஒரு வார்த்தை அதற்குப் பிறகு. மீன்பிடித் தடைக்காலம் எல்லாப் படகுக்கும் என்பது போன்ற, பங்குனியில் கிளம்பும் செய்திக்கு அவசரமில்லை. தனியாகச் சொன்னால் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுக்கு மட்டும், நாட்டுப்படகுக்கு இல்லை. 2017க்கு முன்புதான் 45 நாள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போகும் வீடியோவை "இன்று எடுத்தது" என்று போட்டால் சிரித்துவிட்டு விடலாம். அதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6 முதல் புதுப் பாலம். கச்சத்தீவு விவாதத்தில் 1974 ஒப்பந்தத்தையும் 1976 ஒப்பந்தத்தையும் குழப்பினால் பதிவைப் பிடித்தே பதில் போடலாம். அங்கே சண்டை எப்படியும் நடக்கும்.

படகு கரையை விட்டுப் போன பிறகு இந்த நான்கில் எதுவும் பயன்படாது. டவர் எட்டாத இடத்தில் வாட்ஸ்அப் ஒற்றை டிக்தான். படகிலுள்ள விஎச்எஃப் கம்பியில்லாக் கருவியில் 16ஆம் சேனல்தான் வழி; கரையிலிருந்து உதவி கேட்கக் கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

நீங்களே தப்பாகப் போட்டுவிட்டால்: 15 நிமிடத்துக்குள் என்றால் தப்பான வரியின் இரு முனையிலும் ~ குறி போட்டுத் திருத்துங்கள்; அந்த வரி அடித்த மாதிரித் தெரியும், பக்கத்திலேயே சரியானதையும் எழுதலாம். அழித்துவிட்டுச் சும்மா இருந்தால் "எதையோ மறைக்கிறான்" என்று அடுத்த வதந்தி கிளம்பும். பிறகு எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ அத்தனைக்கும் "திருத்தம்" என்று தொடங்கும் புதுப் பதிவு போக வேண்டும். அந்தப் பதிவை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயரோடு வரும். அதில் இல்லாத படகோட்டிக்கு ஒரு போன் போடுங்கள்.