ருபாப் தண்டு வாங்கலாம், ஜாம் வேண்டாம்

நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையோரம் லீக்ஸ், கரட் அடுக்கி வைத்திருக்கும் மரக்கறிக் கடை ஒன்றில் போன கிழமை ருபாப் (rhubarb) என்ற, தண்டைச் சமைத்துச் சாப்பிடும் புளிப்புச் செடி கண்ணில் பட்டது. தண்டு பெருவிரல் மொத்தம், அடியில் சிவப்பு, மேலே போகப் போகப் பச்சை. ஒன்றை ஒடித்துப் பார்த்தேன், டக்கென்று முறிந்து நீர் கசிந்தது. அரைக் கிலோ வாங்கினேன், கூடவே வீட்டில் காய்ச்சியது என்று சொன்ன ஜாம் ஒரு போத்தல்.

தண்டில் ஒரு குறையும் இல்லை. எங்கள் தாத்தா துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர், அவரிடமிருந்து வந்த பக்குவம்தான் எங்கள் வீட்டில்: நார் உரித்து, துண்டாக்கி, சீனி தூவி அரை மணி நேரம் வைத்தால் தானே தண்ணி விடும், அதிலேயே இஞ்சி தட்டிப் போட்டுச் சின்ன நெருப்பில் வேகவிட வேண்டும். அலுமினியச் சட்டி மட்டும் ஆகாது, புளிப்பு சட்டியை அரித்துவிடும். சுடச்சுட தேங்காய் ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்டோம், அரைக் கிலோவும் ஒரே வேளையில் காலி.

கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. இலையை வெட்டாமலே கட்டித் தந்த தம்பி, "எலையையும் கீரை மாதிரி சுண்டிச் சாப்பிடுங்கண்ணே" என்றான். ஐயோ தம்பி! ருபாப் இலை நஞ்சு, ஒக்சாலிக் அமிலம் நிறைய உண்டு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் இதைக் கீரையாகச் சாப்பிடலாம் என்று சொல்லப்போய் ஆட்களே நஞ்சாகியிருக்கிறார்கள். சொன்னதும் பாவம், அங்கேயே கத்தியெடுத்து மிச்சக் கட்டுகளின் இலையையும் நறுக்கிப் போட்டான். தண்டிலும் அந்த அமிலம் கொஞ்சம் இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்துவது நல்லது.

மலச்சிக்கலுக்கு மருந்து என்று ஒரு அட்டையும் தொங்கியது. அந்தப் பேரெடுத்தது இந்தத் தண்டு இல்லை, இதன் சொந்தக்கார இனங்களின் காய்ந்த கிழங்கு, நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கேட்டால் தருவது அந்த வகைதான். 1839இல் சீன அதிகாரி லின் சேசூ விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் தேயிலையும் ருபாப்பும் இல்லாமல் வெளிநாட்டார் ஒருநாளும் இருக்க முடியாது என்றாராம். தேயிலை தருவதற்குப் பிறகு எங்கள் மலையே வந்துவிட்டது, அது வேறு கதை.

ஜாம்? சீனிப்பாகில் சிவப்புச் சாயம். ருபாப்பின் புளிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முக்கால் போத்தல் அப்படியே கிடக்கிறது, எறும்புதான் சுற்றுகிறது.