விரல்ல குத்துற மீட்டரா, கையில ஒட்டுற சென்சாரா?

அம்மாவுக்கு சுகர், ரெண்டையும் யூஸ் பண்ணிப் பாத்தாச்சு. குளுக்கோமீட்டர்ல ஒரு சொட்டு ரத்தம், சில செகண்ட்ல ரீடிங், விலையும் கம்மி, ஆனா அந்த நிமிஷத்து நிலவரம் மட்டும்தான் தெரியும், நடுராத்திரி 3 மணிக்கு சுகர் லோ ஆனா யாருக்குத் தெரியும்? ஃப்ரீஸ்டைல் லிப்ரே மாதிரி சென்சார மேல்கையில ஒட்டிட்டா 14 நாள் ஓடும், இட்லி சாப்பிட்டதும் சுகர் கோடு எப்படி ஏறுதுன்னு போன்லயே பாக்கலாம், அதப் பாத்துதான் அம்மா நாலு இட்லிய ரெண்டாக்குனாங்க. ஆனா அது அளக்குறது ரத்தத்துல இல்ல, தோலுக்கு அடியில இருக்குற நீர்ல, அதனால சில நிமிஷம் லேட்டாத்தான் காட்டும். இன்சுலின் போடறவங்கன்னா, செலவு தாங்கும்னா, என் ஓட்டு சென்சாருக்குத்தான். அதுக்காக மீட்டர தூக்கிப் போட்றாதீங்க, கைகால் நடுங்கி வேர்க்குது, சென்சார் மட்டும் நார்மல்னு காட்டுதுன்னா உடனே விரல்ல குத்திப் பாத்துருங்க.