வெள்ளவத்தையில் பேலியோ: சில வருடங்கள் சாப்பிட்டுப் பார்த்த பிறகு

சோறு, பாண், பால், பருப்பு, சீனி எதுவும் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, மரக்கறி, பழம், கொட்டை வகை மட்டும். ஆதி மனிதனின் உணவு என்று சொல்லப்படும் இந்தப் பேலியோ முறையை மற்ற எல்லாரும் புட்டும் இடியப்பமும் சாப்பிடுகிற ஒரு வீட்டில் இருந்துகொண்டே சில வருடங்களாகக் கடைப்பிடிக்கிறேன்.

பலன் இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு குறைந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கந்தோரில் கண்ணைச் சொருகும் தூக்கம் போய்விட்டது, எல்லையில் நின்ற இரத்தச் சீனி இறங்கி அப்படியே நிற்கிறது. ஆனால் இது இறைச்சியால் வந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சீனி போட்ட தேத்தண்ணி, பின்னேரம் ரோல்ஸ், இரவில் பாண், வார இறுதியில் கொத்து, இதெல்லாம் நின்றதுதான் காரணம். சோற்றை விடாமல் அளவை மட்டும் குறைத்து, இவற்றை நிறுத்திய என் தம்பிக்கும் கிட்டத்தட்ட இதே பலன்தான்.

ஆதி மனிதன் தானியத்தைத் தொடவேயில்லை என்பதும் சரியில்லை. இத்தாலியில் ஒரு குகையில் கிடைத்த சுமார் 32,000 வருடப் பழைய அரைகல்லில் ஓட்ஸ் மாவுச்சத்து ஒட்டியிருந்தது. ஜோர்தானில் விவசாயம் தொடங்குவதற்கு முன்பே, 14,000 வருடங்களுக்கு முன் ரொட்டி சுட்டிருக்கிறார்கள். நம்முடைய களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகையில் இருந்தவர்கள் சுமார் 45,000 வருடங்களுக்கு முன் குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள். கித்துல்கல பெலிலென குகையில் காட்டு ஈரப்பலாவும் காட்டு வாழையும் சாப்பிட்ட தடயம் இருக்கிறது. அந்தந்த இடத்தில் கிடைத்ததைத்தான் மனிதன் சாப்பிட்டிருக்கிறான். அதனால் அவித்த ஈரப்பலா, பலாக்கொட்டை, வத்தாளங்கிழங்கு எல்லாம் என் தட்டில் தாராளமாக இருக்கும்.

பருப்பையும் பயறையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். அவற்றில் லெக்டின் என்ற ஒரு வகைப் புரதம் இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள், நன்றாக அவித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதோடு 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொழும்பில் மீன், இறைச்சி விற்கிற விலைக்குப் பருப்பில்லாமல் ஒரு குடும்பம் எப்படிச் சமாளிக்கும்? பால், தயிர் இல்லாததால் கல்சியம் குறையும் என்பது உண்மையான கவலை, அதற்காக முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலியை அடிக்கடி சேர்க்கிறேன். ஆரம்பத்தில் மலச்சிக்கல் வந்தது, தினமும் வல்லாரை, பொன்னாங்காணி என்று கீரையைக் கூட்டியதும் சரியானது. மாட்டிறைச்சியும் தேங்காயெண்ணெயும் அதிகமாக இருந்த காலத்தில் கெட்ட கொழுப்பு ஏறியது, சூடை, கும்பளா மீன் பக்கம் மாறிய பிறகு இறங்கியது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைத் தொடர வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்கள், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் சோற்றை ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. மருந்தின் அளவு அதே மாதிரி இருக்க மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் இறைச்சியைக் கூட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.