வண்டி இறங்காத பள்ளத்துக்குக் கயிறு இறங்கும்: பெட்ரோல் கேப்ஸ்டன் வின்ச், 3 சீசன் கழித்து

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த இயந்திரத்தை வாங்கியதே அதனால்தான்.

4 வருடத்துக்கு முன், வேட்டையில் மூஸ் (குதிரையளவு பெரிய காட்டு மான்) விழுந்து கிடந்த ஓடைப்பள்ளத்துக்குள் ஏடிவியை, அதாவது காட்டுப் பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டியை, நேராக ஓட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கும்போது ஒரு சிரமமும் இல்லை. பின் தொடைகள் இரண்டையும் பின்பக்கக் கேரியரில் கட்டிக்கொண்டு ஏறினேன். கேரியரில் 90 கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தொடை ஒவ்வொன்றும் 55 கிலோவாவது இருக்கும். கணக்குத் தெரியாமல் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். பாதிச் சரிவில் ஒரு வேர் மேல் ஏறியதும் முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. "அண்ணா, குதிங்க!" என்று தம்பி கத்தியது காதில் விழுந்தது. குதித்தேன். வண்டி மல்லாக்க விழுந்து இரண்டு முறை புரண்டு, ஓடைக் கல்லில் போய் முட்டி நின்றது. ஹேண்டில்பார் வளைந்தது. என் முதுகு இன்றைக்கும் மழைக்காலத்தில் அதை ஞாபகப்படுத்தும்.

அதற்கு அடுத்த வேட்டை சீசனுக்கு முன்பு வாங்கியதுதான் இந்த பெட்ரோல் கேப்ஸ்டன் வின்ச், அதாவது சுழலும் உருளையில் கயிற்றைச் சுற்றிப் பளுவை இழுக்கும் இயந்திரம். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. குறையும் நிறைய சொல்லப்போகிறேன், தவிர இந்த வகை இயந்திரங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்புதான். சின்ன 4 ஸ்ட்ரோக் இஞ்சின், ஒரு கியர்பெட்டி, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு உருளை. என்னுடையது சுமார் 10 கிலோ எடை. நேர் இழுவையில் 700 கிலோ, நிமிடத்துக்கு 12 மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள்.

"ஏடிவியின் முன்னாலேயே மின்சார வின்ச் இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதில் இருப்பது 15 மீட்டர் கயிறு. வண்டி சேற்றில் மாட்டினால் வெளியே எடுக்க அது போதும். 70 மீட்டர் கீழே கிடக்கும் விலங்குக்கு அது பாதி வழிகூட எட்டாது. இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மின்சார வின்ச்சின் மேல் அச்சடித்திருக்கும் இழுவை எடை, உருளையில் ஒரே அடுக்குக் கயிறு இருக்கும்போது கிடைப்பது. அடுக்கு ஏற ஏற உருளையின் விட்டம் கூடி, இழுவை குறைந்துகொண்டே வரும். பளு அதிகமானால் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல்கூட உறிஞ்சும். ஏடிவி பேட்டரி சின்னது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த வேகத்துக்கு நிரப்ப முடியாது. நடுக்காட்டில் பேட்டரி இறங்கி உட்கார்ந்திருக்கும் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கேப்ஸ்டனில் கயிறு உருளையில் சேர்வதே இல்லை. 3 அல்லது 4 சுற்று சுற்றி, இந்தப் பக்கம் வரும் வால் கயிற்றைக் கையால் லேசாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் பிடியைப் பல மடங்கு பெருக்கும். அதனால் இரண்டு விரல் பலத்தில் நீங்கள் இழுப்பதை அந்தப் பக்கம் உருளை நூற்றுக்கணக்கான கிலோவாக இழுக்கிறது. கையைத் தளர்த்தினால் உருளை சும்மா சுற்றும், இழுவை நின்றுவிடும். முதல் மீட்டரிலும் இழுவை அதேதான், எழுபதாவது மீட்டரிலும் அதேதான். கயிறு எவ்வளவு நீளம் இருக்கிறதோ அவ்வளவு தூரம்.

முதல் வேலை அதே ஓடைப்பள்ளத்தில்தான் அமைந்தது. பழைய மரம்வெட்டுப் பாதை முகட்டில் போகிறது. மூஸ் விழுந்தது அதற்கு 70 மீட்டர் கீழே, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே. குடலை நீக்கியபின் 320 கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டோம். 30 டிகிரி சரிவு என்றால் எடையில் பாதி, அதாவது 160 கிலோ, கீழ்நோக்கி இழுக்கும். தரை உரசலுக்கு இன்னொரு 140 கிலோ வைத்துக்கொண்டால் மொத்தம் 300 கிலோ. 700 கிலோ வின்ச்சுக்கு இது விளையாட்டு என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். காகிதத்தில் சரிதான். காட்டில் விழுந்த மரங்கள் இருக்கின்றன. மூக்கோ கொம்போ ஒரு கட்டைக்கு அடியில் செருகிக்கொண்டால் அந்த 300 ஒரு நொடியில் 700 ஆகிவிடும்.

அதுதான் நடந்தது. கொம்பு ஒரு மரக்கட்டைக்கு அடியில் போய் மாட்டியது. கிட்டில் வந்திருந்த கயிறு நைலான். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. நீண்ட கயிறு என்பது இழுத்து வைத்த கவண். இந்த விலையில் இயந்திரம் விற்பவர்கள் நீட்சி குறைந்த பாலியெஸ்டர் கயிற்றைக் கொடுக்காமல் நைலானைச் சுருட்டிக் கொடுத்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கேட்டதற்கு விற்றவர், "அது அறிமுகக் கயிறு சார்" என்றார். அறிமுகம் யாருக்கு, எதற்கு என்று தெரியவில்லை. இப்போது 100 மீட்டர் பாலியெஸ்டர் கயிறு வைத்திருக்கிறேன். அதுவே 7, 8 கிலோ வரும், எடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலையை வெட்டித் தனியாக எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினோம். கழுத்துப் பக்கத்தை முன்னால் வைத்துத்தான் இழுக்க வேண்டும். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் அந்தத் திசையில் வழுக்கும். பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் மயிரெல்லாம் எதிர்த்துக்கொண்டு நிற்கும். சுருட்டி எடுத்துப் போகும் பிளாஸ்டிக் ஸ்லெட்டை (தரையில் சறுக்கி வரும் இழுவைத் தட்டு) முன்பக்கத்தில் மூக்கு மாதிரி மடித்துக் கட்டியதும் கட்டைகளைத் தாண்டி ஏறி வந்தது. கணக்குப்படி 6 நிமிட வேலை. எங்களுக்கு 50 நிமிடம் ஆனது. இருந்தாலும் முந்தைய வருடம் இதே தூரத்துக்கு முதுகில் சுமந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

அன்றைக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. வின்ச்சை ஏடிவியின் பின்னால் இருக்கும் ஹிட்சில் (டிரெய்லர் மாட்டும் கொக்கி) மாட்டியிருந்தேன். பார்க்கிங் பிரேக்கும் போட்டிருந்தேன். கீழே விலங்கு மாட்டிக்கொண்டதும் அது வரவில்லை, வண்டிதான் ஈரப் பாசியில் வழுக்கிப் பள்ளத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. யோசித்தால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 320 கிலோ வண்டி, 320 கிலோ மூஸ். எது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ அது ஜெயிக்கும். இப்போது உயிருள்ள, தொடை பருமனுக்கு மேலான மரத்தில், அடியோடு ஒட்டி, அகலமான நாடாவைச் சுற்றித்தான் மாட்டுகிறேன். வெறும் கயிறோ சங்கிலியோ மரப்பட்டையை அறுத்துவிடும், மரம் செத்தும் போகலாம். காய்ந்து நிற்கும் மரம் பக்கமே போக வேண்டாம், குலுங்கினால் மேலிருந்து கிளை வரும்.

பட்ட மரத்தைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது ஒரு மரத்தில் கப்பி போட்டுக் கயிற்றைத் திருப்பினால், அந்தத் திருப்பத்தின் உட்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. கப்பியை மரத்தில் கட்டிய நாடா அறுந்தால் கப்பி அந்தப் பக்கம்தான் பாயும். அதே கப்பியை விலங்கின் பக்கம் மாட்டி, கயிற்றின் நுனியை மேலே மரத்துக்குக் கொண்டுவந்து கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும், கயிறும் இரட்டிப்பாக வேண்டும். 100 மீட்டர் கயிறு இருந்தால் இந்த முறையில் 50 மீட்டர்தான் எட்டும்.

இரண்டாவது சீசனில் முழு உடலாக இழுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம். இதில் எனக்கும் தம்பிக்கும் இன்னும் தகராறு. தோலோடு இழுத்தால் இறைச்சியில் மண் படாது என்பது அவன் கட்சி. உண்மைதான். ஆனால் அந்தத் தோல் குளிருக்காகவே படைக்கப்பட்ட கம்பளி. வெளியே உறைபனி விழுந்தாலும் தொடை எலும்பை ஒட்டிய இறைச்சி உள்ளுக்குள் சூடாகவே இருந்து புளித்துப்போகும். ஆகவே கடைசியில் ஒரு சமரசம்: முதுகெலும்பில் குறுக்கே வெட்டி இரண்டு பாதியாக்கி, தோலோடு மேலே இழுக்கிறோம்; முகட்டுக்கு வந்த உடனே தோலை உரித்து, எலும்பு மூட்டு வரை திறந்து காற்றில் தொங்கவிடுகிறோம். பாதி உடல் என்பதால் இயந்திரமும் முனகுவதில்லை. வெயில் அடிக்கும் நாளாக இருந்தால் இந்தச் சமரசமும் கிடையாது. விழுந்த இடத்திலேயே உரித்து, துணிப்பையில் போட்டு, பைகளை ஸ்லெட்டில் ஏற்றி இழுப்பேன்.

குறைகள். சத்தம் பெரிய குறை. மேலே நிற்பவனுக்குக் கீழே இருப்பவன் கத்துவது கேட்காது. இரண்டு வாக்கிடாக்கி இல்லாமல் இதைத் தொடவே கூடாது. தனியாள் வேலை இல்லை இது. இஞ்சினை ரொம்பச் சாய்த்துக் கட்டினால் புகைகிறது. என் மாடலில் பளுவை மெதுவாகக் கீழே இறக்க வழியே இல்லை, ஏற்ற மட்டும்தான். நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் வால் கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். கயிறு பனியில் நனைந்து உறைந்தால் 4 சுற்றிலும் வழுக்குகிறது. ஐந்தாவது சுற்று போட்டால் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அப்போது சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளப் பார்க்கும். கண்ணை எடுக்க முடியாது. கையுறை கட்டாயம், தொளதொள கையுறை கூடவே கூடாது.

ஸ்டார்ட்டர் கயிறு இரண்டாவது சீசனில் அறுந்தது. உறையைத் திறந்து மாற்ற 4 போல்ட்தான். அதற்கான ஸ்பேனரைக் கிட்டில் வைக்காமல் ஸ்டிக்கர் மட்டும் 3 வைத்திருந்தார்கள்.

நல்லதும் இருக்கிறது. பெட்ரோல் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒரு முழு மூஸுக்கு அரை லிட்டர்கூட ஆகவில்லை. குளிரில் சோக்கைப் போட்டு இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிவிடும். மிச்ச நாட்களில் விழுந்த மரத்தைப் பாதையிலிருந்து அகற்றுவதற்கும், ஒருமுறை ஏடிவியையே சேற்றிலிருந்து எடுப்பதற்கும் பயன்பட்டது.

பெரிய லாபம் எனக்கு வண்டியில்தான். அது இப்போது முகட்டுப் பாதையை விட்டு இறங்குவதே இல்லை. ஏற்றிய இறைச்சியும் கேரியரில் இல்லை, பின்னால் தாழ்வான டிரெய்லரில். லோ கியரில், இஞ்சின் பிரேக்கில் அப்படியே ஊர்ந்து வருவேன். பல காட்டுப் பகுதிகளில் பாதையை விட்டு வண்டியை இறக்கவே அனுமதி கிடையாது. அங்கேயும் இந்த ஏற்பாடு தோதாக இருக்கிறது. ஆனால் இஞ்சின் வைத்த வின்ச்சுக்கு அங்கே இடமுண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாதைக்கு 15 மீட்டருக்குள்ளேயே வேட்டை அமைகிறவர்களுக்கும், சாதாரண மானளவு விலங்கோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கும் இது தேவையில்லை. ஒரு ஸ்லெட்டும் இரண்டு ஆளும் போதும். எங்களைப் போல மூஸ், எல்க் என்று பெரிய மான்களுக்குப் போய், அவற்றைப் பள்ளத்தில் வீழ்த்திவிடுகிறவர்கள் வாங்கலாம். 5க்கு 4 கொடுப்பேன். அந்த ஒன்று நைலான் கயிற்றுக்காகப் பிடித்துக்கொண்டது.

போன வாரம் தம்பி போன் செய்தான். அவனும் அவன் நண்பர்களும் போகிறார்களாம், இயந்திரம் இரவல் வேண்டுமாம். எடுத்துக்கொள் என்றேன். "கயிறுண்ணா?" என்றான். கயிறு நீ வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். போன தடவை கொடுத்ததை ரத்தமும் சேறுமாகச் சுருட்டி மூட்டைக்குள் திணித்துத் திருப்பித் தந்தவன் அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலசி, நிழலில் காயவைத்து, மீட்டர் மீட்டராகக் கையால் தடவி அறுபட்ட இழை இருக்கிறதா என்று பார்த்தவன் நான்.